திருப்பூர் பஸ்ஸில் ஏறுமுன்

"அண்ணே, கம்மா வறண்டு போச்சு. குடும்பத்தோட திருப்பூர் போயிடலாமா?"

மழை பொய்த்த வருஷங்களில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டிலும் திருச்சுழி டீக்கடைகளிலும் கேட்கிற கேள்வி இது. "போ" என்று சொல்வது சுலபம். "போகாதே, பிறந்த மண் ஆயிற்றே" என்பது இன்னும் சுலபம். அப்படிச் சொல்கிறவர் வீட்டில் அடுப்பு எரிகிறது! நாம் இரண்டு பக்கத்தையும் கணக்குப் பார்ப்போம்.

ஏன் இந்தக் கேள்வி எழுகிறது? நமது பூமி மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் விளைகின்றன. மழை தவறினால் விவசாயக் கூலிக்கு வேலை இல்லை. சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான் மிச்சம். அருப்புக்கோட்டையில் நூல் ஆலைகள் இருக்கின்றன, கைத்தறி இருக்கிறது. வேலை தேடி வருகிற அத்தனை பேருக்கும் அங்கே இடமில்லை. ஆகவே பஸ் ஏறுகிறவனைச் சோம்பேறி என்றோ பேராசைக்காரன் என்றோ ஏசுவது அநியாயம்.

பட்டணத்தில் லாபம் இல்லையா? உண்டு. பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம். கைமடியாகச் சேருகிற பெண் ஓவர்லாக், பிளாட்லாக் மிஷின் கற்றுக்கொண்டால் டெய்லர் ஆகலாம். அவள் உழைத்த கூலி அவள் கைக்கே வருகிறது. இன்னொன்றும் உண்டு. சாதி பார்த்து நிற்கிற இடத்தையும் உட்காருகிற இடத்தையும் அளக்கிற கண்கள் அங்கே குறைவு. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இது சின்ன லாபம் அல்ல. வாடகைக்கு வீடு கேட்கும்போது அங்கேயும் சாதி எட்டிப் பார்க்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

இனி நஷ்டத்தைப் பாருங்கள். ஊரில் குடிசையோ ஓட்டு வீடோ, வாடகை இல்லை. அங்கே லைன் வீட்டுக்கு அட்வான்ஸ், மாத வாடகை, கரண்டுக்குத் தனி, தண்ணீருக்குத் தனி. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு ஆர்டர் இருந்தால்தான் கூலி. 2011 ஜனவரியில் சாயக்கழிவு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றைக் கெடுத்தவர்கள் முதலாளிகள்; வேலை இழந்தவர்கள் தொழிலாளிகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் கம்பெனிக் கதவுதான் சாத்தியது, வயிற்றுப்பாடு நிற்கவில்லை.

ஆகவே ஒரு வாரச் சம்பளத்தை 52-ஆல் பெருக்கிக் கனவு காணாதீர்கள். வேலை உள்ள வாரங்களை மட்டும் எண்ணுங்கள். வாடகை, பஸ் சார்ஜ், ஊரில் விட்டுவந்த தாய் தகப்பனுக்கு அனுப்புகிற பணம் எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவதை ஊர்க் கூலியோடு ஒப்பிடுங்கள். ஒருவர் சம்பளத்தில் மிஞ்சுவது கஷ்டம். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தால் மிஞ்சலாம். அப்போது குழந்தையை யார் பார்ப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது? இதற்கும் பதில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எச்சரிக்கை: முன்பணம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ராமநாதபுரம் சீமையிலிருந்து நம் பாட்டன்மார் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனது கங்காணியின் முன்பணத்தில்தான். அந்தக் கடன் அவர்களைக் கட்டிப்போட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களின் குடியுரிமையை 1948-ல் அந்நாட்டுச் சர்க்கார் பறித்தது. இன்று கங்காணி இடத்தில் புரோக்கர் வருகிறார். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி உழைத்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று 'சுமங்கலித் திட்டம்' பேசி, ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை நூற்பாலைகளுக்குள் அடைத்ததை மறக்க முடியுமா? கொத்தடிமை முறை 1976-ம் வருஷச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைக் காட்டி எவரையும் பிடித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

போவதென்று தீர்மானித்தால் எப்படிப் போவது? முதலில் ஒருவர் போய் வேலையும் வீடும் பார்க்கட்டும். ஊர் வீட்டை விற்காதீர்கள். ரேஷன் கார்டை எடுத்துச் செல்லுங்கள்; 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் சொந்த ஊருக்கு வெளியேயும் ரேஷன் பொருள் வாங்க வழி ஏற்பட்டிருக்கிறது. ஈ.எஸ்.ஐ. உண்டா, வருங்கால வைப்பு நிதி உண்டா என்று சேருகிற நாளிலேயே கேளுங்கள். சங்கத்தைத் தேடிப் போங்கள். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் திருப்பூர். தனி ஆளாகக் கேட்டால் வாசலைக் காட்டுவார்கள். கூட்டாகக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் கடமை இருக்கிறது. கண்மாயைத் தூர் வார வேண்டும், வரத்துக்காலைத் திறக்க வேண்டும், கருவேலை வேரோடு எடுக்க வேண்டும் என்று சர்க்காரை நெருக்க வேண்டும். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். திருச்சுழியைத் தொட்டு ஓடுகிற குண்டாற்றில் அந்தத் தண்ணீரைக் காணும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்மாய் நிறைந்தால் போனவனும் திரும்பிப் பார்ப்பான்.

பட்டணம் போவது பாவமும் அல்ல, மோட்சமும் அல்ல. கடன் இல்லாமல், கணக்குப் பார்த்து, நாலு பேரோடு சேர்ந்து போகிறவனால் திரும்பி வரவும் முடியும். அந்த வழியை அடைத்துக்கொண்டு எவரும் பஸ் ஏற வேண்டாம்!