பழைய உயிலும் பெண்கள் பங்கும்

ஆடி மாதத்தில் பெரியபாளையம் பவானி அம்மன் கோவிலுக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். புருஷன் பிழைத்தால் போதுமென்று நேர்ந்துகொண்ட பெண்கள் வேப்பிலையை உடுத்திக்கொண்டு கோவிலைச் சுற்றி வருகின்றார்கள். அந்தப் புருஷனோ, தான் போன பிறகு அவள் கதி என்னவென்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருக்கின்றானா என்று நாம் கேட்கின்றோம். உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்பதாகப் பயந்து எழுதாதவர் பலர். எழுதியவர்களோ அதை வேதம்போல் பெட்டியில் பூட்டிவிடுகின்றார்கள். திருத்துவது அபசகுனமாம்!

தோழர்களே! எழுதினவன் சாகும் வரையில் உயிலுக்கு எவ்வித அதிகாரமும் கிடையாது. புத்தி தெளிவாயிருக்கும் வரை எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதே செல்லும். ஆல்பிரட் நோபல் என்பவர் 1893-ல் எழுதிய உயிலைத் தள்ளிவிட்டு 1895-ல் வேறு எழுதினதால்தான் உலகத்திற்கு நோபல் பரிசு கிடைத்தது.

எப்போது திருத்துவது? ஜோசியனைக் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் கலியாணம், பிறப்பு, சாவு நடந்தாலும், நிலம் வாங்கினாலும் விற்றாலும் அதுவே சமயம். கிறிஸ்தவர் ஒருவர் கலியாணம் செய்துகொண்டால் அதற்கு முன் அவர் எழுதிய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்து என்று சட்டம் சொல்லுகிறவருக்கு அப்படியல்ல. வாலிபத்தில் அண்ணன் பேருக்கு எழுதிய உயில், பெண்சாதி வந்த பின்னும் அப்படியே நிற்கும்.

பெண் மக்கள் சங்கதி இன்னும் மோசம். பெண்ணுக்குச் சமபங்கு வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாடு தீர்மானித்தது. 1956-ல் தகப்பனுடைய சுயார்ஜிதத்தில் மகளுக்கும் பங்கு வந்தது. பிதிரார்ஜிதத்தில் 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் கலியாணமாகாத பெண்களுக்கும், 2005-ல் மத்திய சட்டம் எல்லாப் பெண்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தன. ஆனால் அதே வாரிசுச் சட்டத்தில் 30-வது பிரிவு என்ற கொல்லைப்புறக் கதவு திறந்தே இருக்கின்றது. தன் சுயார்ஜிதம் முழுவதையும், பிதிரார்ஜிதத்தில் தன் பங்கையும் ஒருவன் யாருக்கு வேண்டுமானாலும் உயிலெழுதலாம். ஆகவே, “எல்லாம் ஆண் பிள்ளைகளுக்கே” என்று என்றோ எழுதிய ஒரு காகிதம், நெடுங்காலப் போராட்டத்தில் பெண் பெற்றதைப் பிடுங்கிக்கொள்ளும்.

“அவளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே” என்பார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வந்த பிறகு நிலம் அன்று விற்ற விலைக்கா இன்றும் விற்கின்றது? பிள்ளைக்கு மட்டும் இன்றைய விலை, பெண்ணுக்கு அன்றைய பாத்திரம் பண்டமா? இது என்ன நியாயம்?

திருத்துவது பெரிய காரியமல்ல. முத்திரைத்தாள் வேண்டாம். முந்திய உயில்களை ரத்து செய்வதாக எழுதி, தேதியிட்டு, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்திட்டு, அவர்களுடைய கையெழுத்தையும் வாங்க வேண்டியதே. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிந்துவிட்டால் பின்னால் வழக்காடுகிறவன் வாய் அடங்கும்.

ஆதலால் தோழர்களே, இன்றே பெட்டியைத் திறந்து பழைய உயிலை வாசித்துப் பாருங்கள். அதில் பெண்சாதி பேரும் மகள் பேரும் இல்லையானால், அது இருக்க வேண்டிய இடம் பெட்டியல்ல, அடுப்பு என்பதே நமது அபிப்பிராயம்.