யார் பங்கை யார் விட்டுக்கொடுப்பது?

1787-ம் ஆண்டுக் கோடைகாலம். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் அரசியல் சட்டம் வகுக்கக் கூடிய தலைவர்கள் ஒரே ஒரு பிரச்னையில் முட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டசபையில் யாருக்கு எத்தனை ஸ்தானம்?

ஜனத்தொகைக்குத் தக்கபடி வேண்டும் என்றது பெரிய ராஜ்யமான வர்ஜீனியா. ராஜ்யத்துக்கு ஓர் ஓட்டு என்றது நியூஜெர்சி. குட்டி ராஜ்யமான டெலாவேரோ, சம உரிமையை விட்டுவிடக் கூடாது என்று தன் பிரதிநிதிகளுக்குக் கட்டளையிட்டே அனுப்பியிருந்தது. ஜூலை 2-ந் தேதி ஓட்டெடுத்தபோது ஐந்துக்கு ஐந்து! மாநாடே கலைந்துவிடுமோ என்ற நிலை.

கனெக்டிகட் பிரதிநிதி ரோஜர் ஷெர்மன் இளமையில் செருப்புத் தைத்தவர். பிரிந்து நின்ற இரு தரப்பையும் இணைத்துத் தைக்க அவர் வழி சொன்னார். ஒரு சபை ஜனத்தொகைப்படி. மற்றொரு சபையில் எல்லா ராஜ்யங்களுக்கும் சம இடம். ஜூலை 16-ந் தேதி ஒரே ஓட்டு வித்தியாசத்தில் இது நிறைவேறியது. இன்றைய செனட் சபையில் ராஜ்யத்துக்கு இருவர் இருப்பது இந்த ஏற்பாட்டின் பலன்தான்.

மெச்சத்தக்க சமரசம்தான். ஆனால் அதனுடன் சேர்ந்தே இன்னொன்றும் முடிவாயிற்று. ஜனத்தொகையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கொள்வது! அடிமைக்கு ஓட்டு இல்லை. அவன் தலையை எண்ணிக் கிடைத்த ஸ்தானங்களோ எஜமானர்களின் ராஜ்யங்களுக்கு. உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1868-ல்தான் அந்தக் கணக்குச் சட்டத்திலிருந்து ஒழிந்தது.

விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. ஆனால் கொடுப்பது தன் பங்காக இருக்கவேண்டும். சபைக்குள் நுழையவே முடியாதவன் பங்கைக் கொடுத்துச் சமாதானம் தேடுவது, கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.