திருப்பி அனுப்பிய நெய் எங்கே போனது?

புதுதில்லி: திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக்கு 2024 ஜூலையில் வந்து சேர்ந்த நான்கு டேங்கர் நெய்யின் மாதிரிகள் குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. கலப்படத்துக்கான அறிகுறிகள் இருப்பதாக முடிவு வந்தது. சரக்கு நிராகரிக்கப்பட்டது, ஒப்பந்ததாரரான திண்டுக்கல் ஏ.ஆர். டெய்ரி நிறுவனத்திடம் விளக்கம் கோரப்பட்டது. தரமான நெய்யையே அனுப்பியதாக அந்நிறுவனம் மறுத்தது.

குறையுள்ள பொருள் வந்தால் வாங்குபவர் செய்ய வேண்டியது இதுதானே என்று தோன்றலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் முதல்வர் சந்திரபாபு நாயுடு விலங்குக் கொழுப்பு குறித்துப் பேசியதும் விவகாரம் அரசியல் புயலானது. தெய்வங்களையாவது அரசியலிலிருந்து விலக்கி வையுங்கள் என்னும் பொருள்பட உச்ச நீதிமன்றம் கடிந்து கொண்டது. அக்டோபர் 4-ம் தேதி சிபிஐ, ஆந்திர காவல் துறை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆகியவற்றின் அதிகாரிகள் ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கொழுப்பு எந்த விலங்குடையது என்ற கூச்சலில், எளிய வினா ஒன்றை எவரும் எழுப்பவில்லை. நிராகரிக்கப்பட்ட நான்கு டேங்கர்களும் எங்கே போயின?

அதற்கான விடையைப் புலனாய்வுக் குழுவே பின்னர் நீதிமன்றத்தில் முன்வைத்தது. அவை திண்டுக்கல் ஆலைக்குத் திரும்பவே இல்லையாம். வைஷ்ணவி டெய்ரிக்கு அருகிலுள்ள கல் உடைக்கும் ஆலை ஒன்றில் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில் அடையாளச் சீட்டு மாற்றப்பட்டு மீண்டும் தேவஸ்தானத்துக்கே வந்து சேர்ந்தன என்பது குழுவின் குற்றச்சாட்டு. இது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்று. மெய்யானால், வாசலில் துரத்திய சரக்கு கொல்லைப்புறம் வழியாக மடப்பள்ளிக்குள் நுழைந்திருக்கிறது.

புகார் சென்ற முகவரியும் சரிதானா என்பது அடுத்த ஐயம். ஒப்பந்தம் திண்டுக்கல்லுடன், சரக்கு வைஷ்ணவி வழியாக, மூலமோ உத்தரகண்டின் ரூர்க்கியிலுள்ள போலே பாபா டெய்ரி என்கிறது குழு. 2022-ல் தகுதியிழந்த அந்நிறுவனம் பிறர் பெயரில் தொடர்ந்து வழங்கியதாகவும், பாலோ வெண்ணெயோ வாங்காமலேயே 2019 முதல் 2024 வரை சுமார் 68 லட்சம் கிலோ நெய் அனுப்பியதாகவும் குற்றம் சாட்டப்பட்டுள்ளது. 2025 பிப்ரவரியில் மூன்று நிறுவனங்களையும் சேர்ந்த நால்வர் கைதாயினர். உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத இடத்தில் உற்பத்தியாளருக்கு எழுதும் கடிதத்தால் என்ன பயன்?

ஒரு கிலோ பசு நெய்க்குச் சுமார் 25 லிட்டர் பால் தேவை. கிலோ 320 ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி வந்தபோதே கணக்குப் பிள்ளைக்கு உறைத்திருக்க வேண்டும். பால் வளம் மிக்க சித்தூரில் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-லேயே மூடப்பட்டதும், ஏழுமலையான் சன்னதிக்கு நெய் வெளி மாநிலத்திலிருந்து வந்ததும் தனியே எழுத வேண்டிய சோகம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-வது பிரிவு, தன் பொருள் விதிகளுக்கு ஒவ்வாதது எனக் கருதும் வணிகர் அதைத் திரும்பப் பெற்று அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பொறுப்பு விற்றவரின் மனசாட்சியிடம் விடப்பட்டிருக்கிறது. குறையே இல்லை என்று அவர் சாதித்தால்? நிராகரித்த பெரிய கொள்முதலாளரும் அதே நாளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். முத்திரையிட்ட சரக்கு அவர் கண்முன் அழிக்கப்படவோ மாற்றுப் பயனுக்கு அனுப்பப்படவோ வேண்டும் என்று விதி கடுமையாக்கப்பட வேண்டும். ரயில்வே, ராணுவம், மதிய உணவுத் திட்டம் என அரசே கோடிக்கணக்கில் உணவுப் பொருள் வாங்கும் நாட்டில் இது ஒரு கோயிலின் சிக்கல் மட்டுமன்று.

திருப்பதி கிழக்கு காவல் நிலையத்தில் தேவஸ்தான அதிகாரி புகார் அளித்தது 2024 செப்டம்பர் 25-ம் தேதி. டேங்கர்கள் வந்தது ஜூலை 6 மற்றும் 12.