கத்தரிக்கோல் பிடித்த கை

முதல் முழுநீள அனிமேஷன் படம் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘ஸ்னோ ஒயிட்’ என்றுதான் பதில் வரும். வால்ட் டிஸ்னியின் அந்தப் படம் 1937 டிசம்பரில் வெளியானது. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1926 மே மாதம், ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ பெர்லினில் திரையேறிவிட்டது. எடுத்தவர் லோட்டே ரைனிகர், இருபதுகளில் இருந்த ஓர் இளம்பெண். அவருக்கும் முன்னால், 1917-ல், அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி ஒரு முழுநீளப் படம் செய்திருக்கிறார். அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆகவே இன்று நாம் உட்கார்ந்து பார்க்கக்கூடிய மிகப் பழைய முழுநீள அனிமேஷன் படம் ரைனிகருடையதுதான். டிஸ்னியின் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கு இவர் பெயரும் தெரியவேண்டும் என்பது என் தீராத ஆசை.

அவர் கையிலிருந்த கருவி கத்தரிக்கோல். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டுவார். தலை, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். மெல்லிய கம்பியால் கோத்தால் மூட்டுகள் மடங்கும். உருவத்தைக் கண்ணாடி மேசையில் படுக்கவைத்து, கீழிருந்து விளக்கு எரிய, மேலே தொங்கும் கேமராவில் ஒரு ஃபிரேம் எடுப்பார்கள். கையை மயிரிழை நகர்த்தி அடுத்த ஃபிரேம். கேமராவை இயக்கியவர் அவருடைய கணவர் கார்ல் கோக். தோல்பாவைக்கூத்தில் பாவையை ஆட்டும்போதே ஆட்டம் திரையில் தெரிந்துவிடும். இங்கே ஒரு நொடி நடைக்குக்கூட இருபதுக்கு மேற்பட்ட முறை தொட்டு நகர்த்தவேண்டும். நடுவில் ஒரு விரல் பிசகினால் தெரியவருவது பிலிம் கழுவிய பிறகுதான். மூன்றாண்டு வேலையில் சுமார் 2,50,000 ஃபிரேம்கள் எடுத்து, அதில் பாதிக்கும் குறைவானதையே படத்தில் வைத்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது.

இந்த உருவங்களுக்கு முகபாவம் கிடையாது. கறுப்பு நிழலில் கண்ணீரைக் காட்டமுடியுமா? ரைனிகர் துயரத்தைக் கழுத்தின் சாய்வில் வைத்தார். வெட்கத்தைத் தோளின் திருப்பத்தில், கர்வத்தை நடையில். படத்தின் நாயகி பெரி பானு குளத்தில் இறங்கும் காட்சியில் அவள் விரல்களை மட்டும் கவனியுங்கள். சூனியக்காரியும் மந்திரவாதியும் மிருகத்துக்கு மிருகம் உருமாறி மோதும் சண்டையை இன்றைய கணினிப் படங்கள் பல பார்த்துப் பழகிய கண்ணோடுதான் பார்த்தேன். பிரமிப்பு குறையவில்லை.

முதல் போட்டவர் லூயி ஹாகன் என்ற வங்கியாளர். ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த காலம். காசைக் கையில் வைத்திருப்பதைவிடப் பொருளாக வைப்பது மேல் என்று கச்சா பிலிமை வாங்கிக் குவித்திருந்தார். அந்தச் சரக்கைக் கொடுத்து, போட்ஸ்டாமில் தன் கார் ஷெட்டுக்கு மேலிருந்த பரணையும் ஒழித்துக் கொடுத்தார். கூரை தாழ்வு. கேமராவுக்கு உயரம் கிடைக்க மேசையைத் தரையோடு தரையாக அமைக்க வேண்டியிருந்தது. ரைனிகர் ஒரு பழைய காரின் இருக்கையில் மண்டியிட்டபடி வேலை செய்தார்.

ஒரே கண்ணாடி போதவில்லை. கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கி, ஒரு தட்டில் பாத்திரங்கள், மற்றதில் வானமும் அலையும் மாயப்புகையும் என்று பிரித்தார்கள். பின்னணிக்கும் மாயக்காட்சிகளுக்கும் வால்டர் ரூட்மன், பெர்டோல்ட் பார்டோஷ் போன்ற பெரிய கலைஞர்கள் கைகொடுத்தார்கள். டிஸ்னி நிறுவனம் இதேபோல் அடுக்குகளைப் படமெடுக்கும் தன் மல்டிபிளேன் கேமராவை ‘தி ஓல்ட் மில்’ குறும்படத்தில் பயன்படுத்தியது 1937-ல். அது ஆளுயரத்தை மிஞ்சிய பெரும் இயந்திரம், வண்ணம் தீட்டிய தாள்களுக்கானது; அதன் சாதனையை நான் குறைக்கவில்லை. ஆனால் அடுக்குக் கண்ணாடியின் கதையை அங்கிருந்து தொடங்குவது நியாயமில்லை.

1945-ல் பெர்லின் சண்டையில் படத்தின் மூல நெகட்டிவ் அழிந்தது. லண்டன் ஆவணக்காப்பகத்தில் தங்கியிருந்த ஒரு பழைய பிரதியிலிருந்து, தொண்ணூறுகளின் இறுதியில் பிராங்பர்ட் திரைப்பட அருங்காட்சியகம் அதன் நிறச்சாயல்களோடு மீட்டெடுத்தது. அதற்குள் ரைனிகர் மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. போருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய அவருக்கு மறுபடி படமெடுக்க நிறுவனம் அமைத்துக் கொடுத்தவர், பரண் கொடுத்த அந்த வங்கியாளரின் மகன். 1955-ல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற ‘தி காலன்ட் லிட்டில் டெய்லர்’ அங்கே எடுத்ததுதான். அதுவும் நிழலுருவப் படமே.