மாலைக்கண்ணும் முருங்கைக்கீரையும்

மாலைக்கண் என்று நம் முன்னோர் பெயரிட்ட வியாதி கண்ணோடு நின்றுவிடுவதன்று என்பதை நம் ஜனங்கள் இன்னும் பூரணமாக உணரவில்லை. வைட்டமின் ஏ என்னும் ஜீவசத்துக் குறைந்துபோனால், மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரைக்கு வேண்டிய நிறமி உற்பத்தியாவது தடைப்பட்டு, வெள்விழியில் நுரை படிந்தாற்போன்ற திட்டுக்கள் தோன்றி, முடிவில் கருவிழியே இளகிச் சிதைந்து குழந்தை பார்வையை நிரந்தரமாக இழந்துவிடலாம். இது வெளிப்படையாகத் தெரியும் கேடு. சுவாசப் பாதையையும் குடலையும் போர்த்திக் காக்கும் மெல்லிய சவ்வுகள் அதே குறையினால் நலிவுற்று, மணல்வாரி அம்மையும் வயிற்றுப்போக்கும் உயிரைக் கவர்ந்து செல்வதற்கு வழி திறந்துவிடுகிறதே, அந்த மறைவான கேடுதான் அதிகக் கொடியது என்பேன்.

இதற்கு நிரூபணம் தேடி நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் 15,000-க்கு மேற்பட்ட பாலகர்களிடையே ஓராண்டு நடைபெற்று, 1990-ஆம் ஆண்டில் பிரசுரமான ஆராய்ச்சியில், வாரந்தோறும் சொற்ப அளவில் இந்தச் சத்தைப் பெற்ற குழந்தைகளிடையே மரணம், பெறாதவர்களைக் காட்டிலும் 54 சதவிகிதம் குறைந்திருந்தது. அவர்களுக்கு அளிக்கப்பட்டதோ அபூர்வமான அளவன்று. ஆகாரத்தின் மூலமாகவே ஒரு குழந்தை பெறக்கூடிய அளவுதான்!

1970-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தேசியத் திட்டத்தின்படி, ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரையில் ஆறு மாதத்துக்கொரு முறை சர்க்கார் புகட்டும் வைட்டமின் ஏ மருந்து அவசியமானதே; அதைத் தவறவிடலாகாது. ஆனால் அந்த மருந்து கிடைக்கிறதென்ற தைரியத்தில் அன்றாட உணவை நாம் அலட்சியம் செய்வது நியாயமாகாது. கொல்லையில் முருங்கை தழைத்து நிற்க, கீரை மாந்தம் உண்டாக்குமென்று அஞ்சி வெறும் ரசஞ்சாதத்தையே குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. கீரையிலும் பப்பாளியிலும் உள்ள, உடம்பில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் என்னும் பொருள் கொழுப்பின் துணையோடுதான் உடம்பில் நன்றாகச் சேருமாகையால், கீரையை வேகவைத்து மசித்தால் மட்டும் போதாது. ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ அதனுடன் கலந்தாக வேண்டும். அந்த ஒரு கரண்டிக்கும் வகையற்ற வீடுகள் உண்டு. அவ்வீட்டுத் தாய்மார்களுக்கு உபதேசம் செய்வதைவிட, அவர்களுடைய குழந்தைகள் வந்து உண்ணும் அங்கன்வாடி உணவில் எண்ணெயிட்ட கீரையை ஒருநாளும் தவறாமல் சேர்க்குமாறு அதிகாரிகளை வற்புறுத்துவதே நம் கடமை.