எரிப்பது வாட் அல்ல

எலெக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் ஒருவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சால்டரிங் அயர்ன் கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது 25 வாட் அயர்ன்தான். கூடவே ஓர் அறிவுரையும் வரும்: "இதுவே போதும் தம்பி, வாட் கூட எடுத்தா ஐசி எரிஞ்சுடும்." பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும் இதே பேச்சுதான். சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு. எந்தச் சேதத்தைத் தடுக்கும் என்று நம்பி அந்த அயர்னை வாங்குகிறோமோ, அந்தச் சேதத்தையே அது செய்துவிடுகிறது.

ஒரு விநாடிக்கு எவ்வளவு வெப்பத்தை அயர்னால் தர முடியும் என்பதைத்தான் வாட் சொல்கிறது. முனை எத்தனை டிகிரியில் நிற்கிறது என்பது வேறு கணக்கு. மெழுகுவர்த்திச் சுடர் 1000 டிகிரியைத் தாண்டும். அதை அடியில் வைத்து ஒரு குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியுமா? இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் "வாட் கூடினால் எரியும்" என்ற பேச்சு பிறந்தது.

சாதாரண 25 வாட் அயர்னில் வெப்பநிலையை அறியும் உணரி எதுவும் கிடையாது. பிளக்கைச் செருகினால், காற்றில் இழக்கும் வெப்பமும் உள்ளே வரும் 25 வாட்டும் சமமாகும்வரை முனை சூடேறிக்கொண்டே போகும். ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போதே 350, 400 டிகிரிக்கு ஏறிவிடுவது வழக்கம். அதை எடுத்து ஒரு ரெசிஸ்டர் காலில் வைத்தால், முனையில் சேர்ந்திருந்த வெப்பமே வேலையை முடித்துவிடும். வெரோ போர்டில் மெல்லிய கால்களைப் பற்றவைப்பவருக்கு அதில் குறை தெரியாது. அந்த அளவுக்கு அந்த அயர்ன் நல்ல கருவிதான்.

சிக்கல் கிரவுண்டு பேடில் தொடங்குகிறது. அகன்ற செம்புப் பரப்போடு இணைந்த பேடு, யுஎஸ்பி சாக்கெட்டின் உலோகக் கூடு, பேட்டரியின் தடித்த ஒயர் எல்லாமே வெப்பத்தை இழுத்துக்கொண்டு ஓடுபவை. முனையில் இருந்த சூடு ஒரே மூச்சில் வடிந்துபோகும். அதை ஈடுகட்ட 25 வாட் போதாது. வழக்கமான ஈய சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். முனை அந்த அளவை ஒட்டித் தடுமாறும்போது சால்டர் ஓடிப் பரவாமல் உருண்டு நிற்கும். பற்றவைப்பவர் என்ன செய்வார்? அயர்னை அங்கேயே பிடித்துக்கொண்டு அழுத்துவார். 10 விநாடி போகும், 15 விநாடி போகும். அதற்குள் சாக்கெட்டின் பிளாஸ்டிக் இளகிவிடும், பேடைப் போர்டோடு பிடித்திருக்கும் பசை விட்டுவிடும். சாதாரண எஃப்ஆர்-4 போர்டின் ரெசின் 130, 140 டிகிரி வாக்கிலேயே தன் விறைப்பை இழக்கத் தொடங்குவது. கடைசியில் அயர்னை எடுத்தால் மிஞ்சுவது டிரை சால்டர், இல்லாவிட்டால் முனையோடு உரிந்து வந்த பேடு.

இதே இடத்தில் உணரியோடு கூடிய 60 வாட் அயர்னை 340 டிகிரிக்கு வைத்துத் தொடுங்கள். முனை குளிர்ந்ததை உணரி அறிந்ததும் முழு 60 வாட்டும் அங்கே பாயும். இணைப்பு சில விநாடிகளில் முடிந்துவிடும். போர்டு முழுக்கச் சூடு பரவுமுன் கையை எடுத்துவிடலாம். மெல்லிய காலைத் தொடும்போது அதே அயர்ன் கொஞ்சம்தான் மின்சாரம் எடுக்கும். 340 டிகிரியைத் தாண்டவும் தாண்டாது. ஆக, நுட்பமான பாகத்துக்குப் பாதுகாப்பானது இந்த 60 வாட் அயர்ன்தான். ஓய்வில் 400 டிகிரிக்கு ஏறிக் காத்திருக்கும் 25 வாட் அயர்ன் அல்ல.

பாகங்களைச் செய்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். மாணவர்கள் எல்லோரும் தொட்டிருக்கும் எல்எம்741 ஆப்-ஆம்புக்கு நேஷனல் செமிகண்டக்டர் வெளியிட்ட டேட்டா ஷீட்டில், பிளாஸ்டிக் உறை வகைக்கு 260 டிகிரி, 10 விநாடி என்றும் உலோக உறை வகைக்கு 300 டிகிரி, 10 விநாடி என்றும் போட்டிருக்கும். டிகிரிக்குப் பக்கத்திலேயே விநாடி. அயர்னின் வாட் பற்றி ஒரு சொல் கிடையாது. பாகத்தைக் கொல்வது சூடும் நேரமும் சேர்ந்துதான். குறைந்த வாட் அயர்ன் அந்த நேரத்தைத்தான் நீட்டித் தருகிறது.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஓசி71, ஏசி128 போன்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் உட்சந்தி 75 முதல் 100 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அதனால் பற்றவைக்கும்போது காலின் நடுவே மூக்குக் குறடால் பிடித்துக்கொள்வார்கள். ஏறும் சூட்டைக் குறடு வாங்கிக்கொள்ளும். அந்த ரேடியோ மெக்கானிக்குகளின் எச்சரிக்கை முற்றிலும் சரி. பிறகு வந்த சிலிக்கான், 150 டிகிரி வரை தாங்கும். பாகம் மாறிவிட்டது, எச்சரிக்கை மட்டும் காரணத்தை உதிர்த்துவிட்டுத் தங்கிவிட்டது.

"முப்பது வருஷமா இதே 25 வாட்டுலதான் டிவி ரிப்பேர் பண்றோம்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பழகியது ஒற்றைப் பக்கச் செம்புத் தடம் ஓடும் போர்டுகளில். டிரான்ஸ்ஃபார்மர் கால், ஹீட் சிங்க் என்று வந்தால் அவர்களும் பெரிய அயர்னைத்தான் எடுப்பார்கள். இன்று பள்ளி மாணவர் கையில் இருக்கும் ட்ரோன் போர்டில் உள் அடுக்குகளிலும் கிரவுண்டுச் செம்பு பரந்து கிடக்கிறது. பழகிய கை சமாளித்துவிடும் கருவியை முதன்முதலாகப் பிடிக்கும் பிள்ளையிடம் கொடுப்பது அநியாயம். இணைப்பு பிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை அயர்னைச் சந்தேகிப்பதில்லை. தன் கையைச் சந்தேகிக்கிறது. "உனக்குக் கை சரியில்லை" என்று ஆசிரியரும் சொல்லிவிட்டால், அதோடு இந்தத் துறையையே விட்டு விலகிவிடும். எனக்குக் கோபம் வருவது இதற்காகத்தான்.

வெப்பம் போதாத குறையை மறைக்கச் செய்யும் வைத்தியங்கள் இன்னும் மோசம். டப்பா பேஸ்டை அள்ளிப் பூசுகிறார்கள். அதில் தகர வேலைக்கான துத்தநாகக் குளோரைடு வகையாக இருந்தால் மிச்சம் தங்கித் தடத்தையே அரித்துவிடும். நடுவில் ராசின் உள்ள 63/37 சால்டர் கம்பி, 22 கேஜ் அளவில் ஒரு சுருள் இருந்தால், புதிய போர்டு வேலைகளுக்குப் பெரும்பாலும் வேறு பேஸ்ட் வேண்டாம். ஊசிமுனைப் பிட்டும் அப்படித்தான்: நுட்பமான வேலைக்கு நுனி கூராக இருக்கவேண்டும் என்று வாங்குகிறார்கள், அந்தக் கூர் வழியே வெப்பம் இறங்குவதில்லை. 2.4 மில்லிமீட்டர் உளி வடிவப் பிட்டின் தட்டையான முகம் பேடையும் காலையும் ஒருசேரத் தொடும்.

ஈயப் புகைக்குப் பயந்து ஈயமில்லாத கம்பி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஈயத்தின் கொதிநிலை 1749 டிகிரி. நாம் வேலை செய்யும் சூட்டில் அது ஆவியாவது மிக மிகச் சொற்பம். கண்ணில் எரிவது ராசின் புகை. அது நுரையீரலுக்கு நல்லதல்ல, எந்தக் கம்பியானாலும் ஜன்னலைத் திறந்து வைக்கத்தான் வேண்டும். ஈயம் உடம்புக்குள் போவது விரல் வழியே, சாப்பாட்டின் வழியே. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருப்பதால் ஈயமே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதில் தவறில்லை. ஆனால் எஸ்ஏசி305 போன்ற கம்பி உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 25 வாட் அயர்னோடு அதைச் சேர்த்தால் மேலே சொன்ன தொல்லை எல்லாம் இரட்டிப்பாகும்.

வெப்பக் கட்டுப்பாடு பணக்கார ஆடம்பரம் என்ற வாதமும் நிற்காது. வெல்லர் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு காந்தத்தை வைத்து இதைச் செய்தது. பிட்டின் பின்புறம் ஒரு சிறு உலோகக் கலவை இருக்கும்; குறிப்பிட்ட சூட்டில் அது காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும், சுவிட்ச் விலகும்; ஆறியதும் மீண்டும் ஒட்டும். 7 என்று எண் போட்ட பிட் 700 ஃபாரன்ஹீட்டில், அதாவது 370 செல்சியஸ் வாக்கில் நிற்கும். இன்று அதே வேலையைப் பேனா அளவில், லேப்டாப் சார்ஜரில் ஓடும் பைன்சில் போன்ற அயர்ன் செய்கிறது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: திருகுக் குமிழ் இருப்பதெல்லாம் கட்டுப்பாடு ஆகாது. ஃபேன் ரெகுலேட்டர் போல மின்சாரத்தை மட்டும் குறைக்கும் மலிவு அயர்ன்களும் குமிழோடு வருகின்றன. முனையின் சூட்டை அளக்கும் உணரி இருக்கிறதா என்று கேளுங்கள். 230 வோல்ட்டில் நேராக ஓடுவதானால் மூன்று பின் பிளக்கோடு முனைக்கு எர்த் இருக்கவேண்டும். எர்த் இல்லாத அயர்னில் கசியும் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டின் கேட்டைத் துளைத்துவிடும். அப்படிச் செத்த பாகத்துக்கும் "சூடு தாங்கல" என்றுதான் பழி போடுகிறோம்.

ஆய்வகங்களுக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த பட்டியலில் இருபது 25 வாட் அயர்ன் என்று எழுதும் இடத்தில், அதே தொகைக்கு எத்தனை கிடைக்குமோ அத்தனை உணரி வைத்த 60 வாட் அயர்ன் என்று எழுதுங்கள். ஐந்துதான் வந்தாலும் பரவாயில்லை, மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்வார்கள்.