குதிரை தானே கடித்துக்கொண்டதாம்

2025 நவம்பரில் ஹாங்காங்கில் கூடிய சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் (எஃப்இஐ) பொதுப்பேரவை, தடைதாண்டும் போட்டிகளுக்கான இரத்த விதியைத் திருத்தியது. அதுவரை குதிரையின் வாயில் இரத்தம் தெரிந்தால் போட்டியிலிருந்து நீக்கம் என்பதே பொது விதி. குதிரை தன் நாக்கையோ உதட்டையோ கடித்துக்கொண்டதாகத் தோன்றும் சிறிய நிகழ்வுகளில் மட்டும், வாயைத் துடைத்துப் பார்த்துத் தொடர அனுமதிக்கலாம் என்ற விலக்கு இருந்தது. திருத்தத்தின்படி, கருவியால் இரத்தம் வந்திருந்தாலும் முதன்முறை பதிவுசெய்யப்படும் எச்சரிக்கை மட்டுமே. 12 மாதங்களுக்குள் இரண்டாம் முறை நேர்ந்தால் ஒரு மாத இடைநீக்கமும் 1,000 சுவிஸ் பிராங்க் அபராதமும்.

திருத்தத்தை ஆதரித்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சில பதிவுகளை நம் ஆய்வாளர் வட்டத்திலும் சிலர் பகிர்ந்திருந்தார்கள். "உணர்ச்சிவசப்படாத, நடைமுறை சார்ந்த முடிவு" என்பது அவற்றின் சாரம். இந்த 'நடைமுறை' என்ற சொல்லுடன்தான் எனக்குச் சண்டை.

"உனக்குக் குதிரை ஏறத் தெரியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். தெரியாது. நான் படித்தது மொழியியல். ஒரு வினைக்கு எழுவாய் யார், செயல் யார் தலையில் ஏற்றப்படுகிறது என்பதைப் பார்ப்பது என் தொழில். மேற்கண்ட விலக்கைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'குதிரை நாக்கைக் கடித்துக்கொண்டது.' தமிழின் 'கொள்' என்னும் துணைவினை, செயலையும் அதன் விளைவையும் எழுவாயிடமே திருப்பிவிடுகிறது. குதிரை கடித்தது, குதிரைக்கே வலித்தது, கதை முடிந்தது. நாக்கின் மேல் கிடந்த இரும்பு வாக்கியத்தில் இல்லை. இரும்பை இழுத்த கையும் இல்லை. இந்த விலக்கு திருத்தத்துக்கு முன்பே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இப்போது நடந்திருப்பது, மொழி முன்பே திறந்து வைத்திருந்த வாசலைத் தண்டனை முறையும் அகலமாக்கியதுதான்.

இத்துறையின் மொத்தச் சொற்களஞ்சியமும் இப்படித்தான். சாட்டையும் குதிமுள்ளும் 'செயற்கை உதவிகள்'. வாயில் விழும் அழுத்தம் 'தொடர்பு'. அழுத்தத்துக்குப் பழகி உணர்விழந்த குதிரை 'கடின வாய்க் குதிரை'. அதாவது காயத்தின் விளைவு குதிரையின் குணமாகிவிடுகிறது. இவை திட்டமிட்ட பொய்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனம் கொண்டவர்களும் தலைமுறை தலைமுறையாக இவற்றைப் பேசிவந்திருக்கிறார்கள். ஆயினும், வலிக்குப் பெயரில்லாத மொழியில் எழுதப்படும் விதி வலியைக் காணாது.

அந்த வாய்க்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பான 'பிட்' அங்கேதான் கிடக்கிறது. அங்கே எலும்பின் மேல் மெல்லிய சவ்வு மட்டுமே; நடுவில் நாக்கு. ஸ்னாஃபிள் வகையில் கையின் இழுப்பு நேராக வாய்க்குச் செல்கிறது. பெல்ஹாம் போன்ற நெம்புகோல் வகைகளிலோ இழுப்பு பெருகி, வாயையும் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்தே அழுத்துகிறது. இதற்கு மேல் மூக்குப்பட்டையை இறுக்கிவிட்டால், வாயைத் திறந்து இரும்பிலிருந்து விலகும் வழியும் அடைபடுகிறது. வாய் திறத்தல் என்பது வலியிலிருந்து தப்பும் வழி. அதே சமயம் வலியைக் காட்டும் குறியும் அதுதான். இறுக்கிய பட்டை இரண்டையும் சேர்த்தே மூடுகிறது. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு, சாட்சி எதுவும் சொல்லவில்லை என்று தீர்ப்பெழுதுவது போன்றது இது.

இரத்தம் தெரிந்தால் நடவடிக்கை என்ற அளவுகோலே போதாதது என்பதற்குச் சான்று உண்டு. 2019இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்று, பந்தயம் முடிந்த 261 டிராட்டர் குதிரைகளின் வாயைத் திறந்து, பிட் படும் இடங்களைச் சோதித்தது. 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்குப் புதிய காயங்கள் இருந்தன. வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்ததோ ஏறத்தாழ 2 விழுக்காட்டில். டிராட்டர் பந்தயம் வேறு, தடைதாண்டல் வேறு. அந்த 84ஐ அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு சொல்லும் செய்தி வாயுள்ள எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்: வெளியே வரும் இரத்தம் உள்ளே உள்ள காயத்தின் மிகச் சிறிய பகுதி. அந்தச் சிறிய பகுதியைக் கண்ட பிறகும் 'எச்சரிக்கை' என்றால், காணாத பெரும்பகுதிக்கு என்ன பெயர்?

எதிர்த்தரப்பு காட்டும் சான்றையும் மறைக்கக் கூடாது. டென்மார்க்கில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிக் குதிரைகளைச் சோதித்த 2019ஆம் ஆண்டு ஆய்வில், மூக்குப்பட்டை தளர்ந்திருந்த குதிரைகளில்தான் உதட்டு ஓரக் காயங்கள் அதிகம் காணப்பட்டன. ஆகவே இறுக்கமே பாதுகாப்பு என்று வாதிடுகிறார்கள். அந்த ஆய்வு பார்த்தது உதடுகளின் ஓரத்தை. வாயின் உட்புறத்தை அல்ல. ஓரத்தில் காயம் குறைந்தது என்பதிலிருந்து உள்ளே வலி குறைந்தது என்ற முடிவுக்குத் தாவ முடியாது.

அடுத்து, எல்லோரும் சொல்லும் பழமொழி போன்ற வாதம்: "கைதான் கடுமை, பிட் அல்ல." இதை ஒப்புக்கொள்வோம். மென்மையான கைக்குக் கடுமையான பிட் தேவையில்லை. கடுமையான கையிடம் அதைக் கொடுக்கவே கூடாது. அப்படியானால் அது யாருக்காக? 1.60 மீட்டர்த் தடைகள், ஓடும் கடிகாரம், தடைக்கு மேலே ஒரு கணம் நிலைகுலையும் உடல். எவ்வளவு தேர்ந்த வீரராயினும் அந்தக் கணத்தில் கை பிடிமானத்தையே தேடும். அந்தப் பிடிமானம் குதிரையின் தாடை எலும்பு.

பாதுகாப்பு வாதத்தை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். அரை டன் எடையுள்ள விலங்கு கட்டுக்கடங்காமல் ஓடினால் வீரரின் உயிருக்கே ஆபத்து. ஆனால் வலியின்றி நிறுத்த முடியாத குதிரை அந்தத் தடத்துக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே அதன் நேரான பொருள். தடைதாண்டலில் பிட் இல்லாத கடிவாளத்துக்கும் அனுமதி உண்டு. அதிலும் நெம்புகோல் கொண்ட ஹேக்கமோர் மூக்கெலும்பை நசுக்கக்கூடும் என்பதால், 'பிட் இல்லை' என்பதே கருணைச் சான்றிதழ் ஆகிவிடாது. அளக்கப்பட வேண்டியது அழுத்தம்.

அளக்க முடியாது என்பவர்களுக்கு: இதே கூட்டமைப்பு டிரெஸ்ஸாஜ் போட்டிகளில் அனுமதிக்கப்பட்ட பிட்களின் பட்டியலை வைத்திருக்கிறது. நெம்புகோல் கை 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அங்கே அளவுகோல் பிடிக்கிறது. தடைதாண்டலிலோ நெடுங்காலமாகத் தேர்வு பெரும்பாலும் வீரரின் விருப்பத்துக்கே விடப்பட்டது. ஒரே நிறுவனம், ஒரே விலங்கு, ஒரே வாய். பின்னங்காலில் இறுக்கிக் கட்டப்பட்ட காப்புறைகளை 2019 முதல் 2021 வரை படிப்படியாக விலக்கியபோதும் விளையாட்டு அழியவில்லை. 2025இல் மூக்குப்பட்டையின் இறுக்கத்தை அளக்கும் கருவியை அறிமுகப்படுத்தியதும் இதே கூட்டமைப்புதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியின் மூன்று குதிரைகளில் ஆல் இன், கிங் எட்வர்ட் ஆகிய இரண்டும் லாடமின்றியே தாண்டின. 'தவிர்க்க முடியாதது' என்று வழங்கப்படும் பலவும் வெறும் பழக்கம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இது ஐரோப்பியச் செல்வந்தர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவின் 1965ஆம் ஆண்டு வண்டி, பொதி விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு விதிகள் முள் வைத்த பிட்டைத் தடைசெய்கின்றன. விலங்கை ஓட்டவோ ஏறிச் செல்லவோ கட்டுப்படுத்தவோ, கன்றலும் வீக்கமும் சிராய்ப்பும் கடும் வலியும் உண்டாக்கும், அல்லது உண்டாக்கக்கூடிய கருவி எதையும் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. 'உண்டாக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்தம் வரும்வரை காத்திருக்காமல், கருவியைப் பார்த்தே கேள்வி கேட்கும் சட்டம் இது. நடைமுறையில் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். என் விடுதிக்கு வெளியே மணமகன் ஊர்வலத்தில் வந்த வெள்ளைக் குதிரையின் வாயோரத்தை, விளக்கொளியிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குதிரைக்காரர் பிடிபட்டால் அவர் செய்ததன் பெயர் 'கொடுமை'. பளபளக்கும் காலணியணிந்த வீரர் செய்தால் அதன் பெயர் 'உதவி', மிஞ்சினால் 'எச்சரிக்கை'. ஒரே வலிக்கு வர்க்கத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கும் அகராதியை ஆய்வாளர்களாகிய நாம் அறிவியல் என்று பகிர்வது நியாயமா?

நான் வேண்டுவது குதிரையேற்றத் தடை அன்று. கருவியால் இரத்தம் வந்தால் நீக்கம் என்ற விதி திரும்ப வேண்டும். டிரெஸ்ஸாஜில் உள்ளதுபோல் அனுமதிக்கப்பட்ட பிட்களின் பட்டியலும் நெம்புகோல் அளவும் தடைதாண்டலுக்கும் வேண்டும். சுற்று முடிந்ததும் குலுக்கல் முறையில் தேர்ந்த குதிரைகளின் வாயை, விளக்கடித்து உள்ளே பார்க்கும் சோதனையும், அதன் முடிவுகளை வெளியிடும் கடமையும் வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். ஒன்றே ஒன்று வேண்டுகோள்: உங்கள் வாக்கியத்தில் இரும்பும் அதைப் பிடித்த கையும் இருக்கட்டும்.